அட்டைப்படம்

"ரெண்டு கேமரா எதுக்கு? ஒண்ண வித்துடலாம்னு இருக்கேன்," என்றார் ஸ்டூடியோ முதலாளி பாலசுப்பிரமணியன்.

"பழச வித்துடு நைனா," என்றான் அவர் மகன் தருண், கழுத்தில் தொங்கிய புதுக் கேமராவைத் தடவிக்கொண்டே.

ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் தமிழ்மொழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய கேமராதான் அவள் கையில் இருப்பது. அது போனால் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான்.

"எது நல்லா எடுக்குதோ அது இருக்கட்டும். பொண்ணு வீட்ல ஆல்பம் அட்டைக்கு எந்தப் படத்த சொன்னாங்க?" என்றார் முதலாளி.

அந்தப் படம் காலையில்தான் லேபிலிருந்து பெரிய பிரிண்டாக வந்திருந்தது. தருண் அதை மேஜைமேல் விரித்தான். கோட்டைக்குள் இருக்கும் பழங்காலக் கல்யாண மஹால் முன்னால் மணப்பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா கிளியரு பாத்தியா நைனா! நான் எடுத்தது. அந்த ஓட்ட டப்பாவுல இப்டி வருமா?"

"நான் எடுத்தேன்," என்றாள் தமிழ்மொழி.

"நீயா? வெளிச்சத்துக்கு ரிஃப்ளெக்டர் புடிக்க வந்தவ நீ! போம்மா, போயி ஜெராக்ஸ பாரு."

முதலாளியும் தலையாட்டினார். "அவன் இன்னாத்துக்கும்மா பொய் சொல்லப் போறான்?"

தமிழ்மொழி மேஜையருகே வந்தாள். மணப்பெண்ணின் தோளுக்குப் பின்னால், தூரத்தில் நிழலாகத் தெரிந்த படிக்கட்டின்மேல் விரலை அழுத்தி வைத்தாள். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

அங்கே, புதுக் கேமராவை மடியில் அணைத்துக்கொண்டு, வாயைப் பிளந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான் தருண்.