இரண்டு விரல் இடைவெளி

"எங்க மாமனார் இனிமே என்னைக் கூப்பிடவே கூடாது. அந்த மாதிரி ஒரு பெட்டி பண்ணித் தரணும்."

வந்தவள் மேஜைமேல் வி.ஆர். கண்ணாடியை வைத்தாள். கண்ணை மறைத்து மாட்டிக்கொண்டால் வேறு உலகம் தெரியுமே, அதுதான். கூடவே கையில் பிடிக்கிற கண்ட்ரோலர் இரண்டு.

பெட்டி செய்கிறவருக்குப் பட்டப்பெயர் மில்லிமீட்டர். கேமராவோ, வயலினோ, எது வந்தாலும் அதன் உருவத்துக்கு ஃபோமில் குழி வெட்டி உட்கார வைத்துவிடுவார். பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் உள்ளே இருப்பது அசையாது.

"எதுக்கும்மா கூப்பிடக் கூடாது?"

"இதை எடுத்துக் குடும்மான்னு அவர் வாயைத் திறக்கவே கூடாது. அவரே எடுத்துக்கணும், அவரே வச்சுக்கணும். ஒவ்வொரு குழியையும் சுத்தி ரெண்டு விரல் அகலமா வெட்டுங்க. பூட்டு, கொக்கி எதுவும் வேண்டாம்."

"ரெண்டு விரலா! உள்ள கிடந்து ஆடுமேம்மா."

"ஆடட்டும்."

அந்த ஒரு வார்த்தை மில்லிமீட்டருக்குச் சுருக்கென்று தைத்தது.

அவள் போனதும், பசை தடவிக்கொண்டிருந்த மனைவி ஆரம்பித்தாள். "ஒரு சாமானை எடுத்துக் குடுத்தா கை தேஞ்சு போயிடுமாக்கும்!"

"அந்த மனுஷன் குடுத்து வச்சது அவ்வளவுதான்" என்றார் அவர். முகத்தில் எப்படி உட்காருகிறது என்று பார்க்கக் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

கடல். கடலுக்கு அடியில் நின்றுகொண்டிருந்தார். எங்கும் நீலம். ஆளுயரப் புல் மெதுவாக இந்தப் பக்கம் சாய்ந்து, யோசித்து, அந்தப் பக்கம் சாய்ந்தது. மேலேயிருந்து வெளிச்சம் சொட்டுச் சொட்டாகக் கரைந்து இறங்கியது. ஒரு ஆமை காதோரமாக நீந்திப் போனது.

"என்னங்க, வாயைப் பொளந்துட்டு நிக்கறீங்க?"

"பேசாத. மீனெல்லாம் ஓடிடும்."

கழற்றிய பிறகும் கடை கொஞ்ச நேரம் தண்ணீருக்குள்ளேயே இருந்தது. மின்விசிறிக் காற்றில் ஃபோம் துணுக்குகள் குட்டி மீன்களாய்த் திரிந்தன.

"இப்படி ஒரு இடத்துக்கு ஒரு மனுஷனை அனுப்பி வைக்க அவளுக்கு நேரமில்லையாம்! அவ சொல்றான்னு நான் என் பேரைக் கெடுத்துக்கணுமா?"

தன் வழக்கப்படியே வெட்டினார். பொருளைவிட ஒரு மில்லிமீட்டர் குறைவாக. கிண்ணென்று பிடித்தது.

மறுநாள் அவள் மாமனாரோடு வந்தாள். நெட்டையான மனிதர். இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டிருந்தார்.

மில்லிமீட்டர் பெட்டியைத் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினார். "பாருங்க ஐயா, அசையுதா?"

அவள் முகம் வாடிப்போனது. ஆனால் சண்டை போடவில்லை. "மாமா, நீங்களே எடுத்துப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, முதுகைக் காட்டி நின்று, அலமாரியில் இருந்த ஃபோம் அட்டைகளை எண்ண ஆரம்பித்தாள்.

பெரியவர் பையிலிருந்து கையை எடுத்தார்.

கொதிக்கிற பாத்திரத்தின் மூடி மாதிரி அது நடுங்கியது. விரல்கள் குழியின் ஓரத்தைத் தேடின. பிடிக்க இடமே இல்லை. வழுக்கின. மறுபடி தேடின. மில்லிமீட்டரின் கை தானாக உதவிக்கு நீண்டது.

"தொடாதீங்க."

அவள் திரும்பவே இல்லை. எதிரே அலமாரிக் கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது.

பெரியவர் கையை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். "வேண்டாம்மா. இதை மாட்டினா எனக்குக் கண்ணு வலிக்குது. வா, போகலாம்." வாசல் பக்கம் போய் நின்றுவிட்டார்.

அவள் மேஜையருகே வந்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

"ரெண்டு மாசமா இதையேதான் சொல்றார். கண்ணும் வலிக்கல, ஒண்ணும் வலிக்கல. எடுத்துக் குடுன்னு என்னைக் கூப்பிடக் கூச்சம். நானா எடுத்துக் குடுத்தாலும் வேண்டாம்ங்கறார். சுவரைப் பாத்து உக்காந்திருக்கார். நடுக்கத்தைப் பத்தி வெளியாள்கிட்ட பேசினா அவருக்குப் பிடிக்காது. அதான் உங்ககிட்ட சொல்லல."

மில்லிமீட்டர் ஸ்கேலை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டார். ஃபோமின் மேல் தன் முஷ்டியையே வைத்துச் சுற்றிக் கோடு இழுத்து வெட்டினார். குழியின் ஓரங்களைச் சரிவாகச் சீவினார். மனைவி பசைக் கையோடு பெரியவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள்.

"ஐயா, கண்ணு வலிக்காத மாதிரி வெட்டிட்டேன். ஒரே ஒரு தடவை பாருங்க."

பெரியவர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து வந்தார்.

கடையில் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது. மனைவி பசை டப்பாவைத் துடைத்தாள். மில்லிமீட்டர் பிளேடை மாற்றினார். மருமகள் எண்ணிய அட்டைகளையே திரும்ப எண்ணினாள்.

பின்னால் ஃபோம் உரசுகிற சத்தம். சற்று நேரம் ஒன்றுமில்லை. மறுபடி உரசல். அப்புறம் நீளமாக ஒரு மூச்சு.

அலமாரிக் கண்ணாடியில் பெரியவர் தெரிந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டி நின்றார். கடலுக்கடியில் புல் ஆடும், மீன் ஆடும், வெளிச்சம்கூட ஆடும். அதற்கு நடுவே அவர் கைகளும் தம் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன.

"அம்மாடி! இங்க வாயேன், ஆமை ஒண்ணு நேரா எங்கிட்டயே வருது!"

கூப்பிடவே கூடாது என்றவள், "இதோ வந்துட்டேன் மாமா!" என்று மேஜை முனையில் இடித்துக்கொண்டு ஓடினாள்.