இருளம்மாள் வீட்டு மழைத்தண்ணீர்

ஏணியை மருதுபாண்டியே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தனை மிளகாய்க் கொல்லைக்குச் சொந்தக்காரர், வெள்ளை வேட்டி அழுக்காவதையும் பார்க்காமல், ஒரு விதவை வீட்டுக் கூரைக்குத் தகரம் அடிக்க ஏணி பிடிக்கிறார் என்றால் ஊர் வாயைப் பிளக்காதா? பிளந்தது.

"பாத்து அடி பாக்கரு. ஓடு ஒண்ணுகூட ஒடையக் கூடாது. எந் தங்கச்சி வீடு" என்றார், மேலே நின்ற தகரக்காரரிடம்.

தங்கச்சி! வாசலில் நின்ற இருளம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. போன மாதம் வரைக்கும் அவள் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன மனுஷன்.

பகையெல்லாம் அவள் வீட்டை ஒட்டிய சந்தால் வந்தது. அவள் வாசல் திறப்பதே அந்தச் சந்தில்தான். சந்தைத் தாண்டினால் மருதுபாண்டியின் மாட்டுத்தொழு. சுதந்திரம் வந்த வருஷம், சந்தும் தன்னுடையதுதான் என்று அவர் சுவர் எழுப்பப் பார்த்தபோது, இருளம்மாளின் புருஷன் பஞ்சாயத்தைக் கூட்டினான்.

பெரியவர்கள் வந்தார்கள், குனிந்து மண்ணைப் பார்த்தார்கள், "சந்து இவனுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பொம்பளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டதால் இருளம்மாள் காதில் தீர்ப்பு மட்டும்தான் விழுந்தது. அதுவே போதுமென்று இருந்தது அவளுக்கு.

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகுதான் பயம் பிடித்தது. மருதுபாண்டி மறுபடி கிளம்பி வாசலுக்கு நேரே சுவர் வைத்துவிட்டால், வீட்டை அவர் கேட்கிற விலைக்கே கொடுத்துவிட்டு, கல்யாண வயசு மகள் பூமயிலை இழுத்துக்கொண்டு எங்கே போவாள்?

ஆனால் அவர் வேறு மாதிரி வந்தார்.

"ராமேஸ்வரத்துல எல்லாத் தீர்த்தத்துலயும் முழுகிட்டு வாரேன் தங்கச்சி. பழசையெல்லாம் அங்கனயே கரைச்சுட்டேன். ஒம் மக ஊருணிக்கு நடந்து நடந்து காலு தேயுது. நம்ம கெணத்துத் தண்ணி வாயில வைக்க முடியாத உப்பு. கூரையில விழுகுற மழைத் தண்ணி வீணாத்தானே போகுது? தகரம் அடிச்சுப் பானையில பிடிச்சுக்க. செலவு என்னோடது."

"ஒங்களுக்கு எதுக்குண்ணே செரமம்..."

"அண்ணேன்னு வாய் நெறையச் சொல்லிட்டு, செரமங்கிறியே!"

பாக்கர் தேவிபட்டினத்துத் தகரக்காரர், கெட்டிக்காரர். கூரை விளிம்பு நெடுக வாய்க்கால் மாதிரி வளைத்த தகரத்தை இரும்புப் பட்டையில் உட்காரவைத்து, லேசாகச் சரிவு கொடுத்து, ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். அது சலசலவென்று ஓடி, வாசலோரம் வைத்திருந்த பானைக்குள் விழுந்தது.

மருதுபாண்டிக்கு அது போதவில்லை. இன்னொரு செம்பு ஊற்றச் சொல்லி, குனிந்து தரையையே பார்த்தார். "ஒரு சொட்டுக்கூடக் கீழ விழுகக் கூடாதுய்யா."

விழவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு திருப்தி.

போகிறபோது சந்தைக் காட்டினார். பல வருஷமாகக் கூரைத் தண்ணீர் சொட்டிச் சொட்டி, மண்ணில் வரிசையாகக் குழி விழுந்து கிடந்தது. "இதையும் மேவி மெழுகிரு தங்கச்சி. பிள்ளை காலு இடறும்."

அண்ணன் சொல்லைத் தட்டுவாளா? அன்றைக்கே செம்மண் கொட்டி, தட்டி, சாணி கரைத்து மெழுகிக் கோலமும் போட்டாள்.

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. பானை நிரம்பி, அண்டா நிரம்பி, பூமயில் குடத்தைக் கவிழ்த்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள். முதல் பானைத் தண்ணீரை இருளம்மாள் மருதுபாண்டி வீட்டுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள், பாவி.

தை பிறந்தது. ஒரு நாள் காலையில் கதவைத் திறந்து காலை வெளியே வைத்தவள் தடுக்கி விழப் பார்த்தாள். வாசற்படியை ஒட்டிக் கயிறு கட்டியிருந்தது. இரண்டு ஆட்கள் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மருதுபாண்டி குடை பிடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார்.

"அண்ணே! என்னண்ணே இது?"

அண்ணன் ஆட்கள் பக்கம் திரும்பி, "இன்னும் ஆழமாத் தோண்டுங்கப்பா" என்றார்.

ஓட்டமாக ஓடிப் போய், அன்றைக்குத் தீர்ப்புச் சொன்ன பெரியவர் ராக்கப்பனைக் கையோடு கூட்டிவந்தாள். இந்தத் தடவை யாரும் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

"நீங்கதானேய்யா சொன்னிய, சந்து எங்களுதுன்னு!"

"சொன்னோம்." ராக்கப்பன் குனிந்து, இன்னும் தோண்டாமல் கிடந்த தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். அவள் கைப்பட மெழுகிய தரை. வழவழவென்று இருந்தது.

அவர் மெல்ல நிமிர்ந்தார். அவள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

"கூரைத் தண்ணி எங்கன விழுகுதோ, அதுவரைக்கும் வீட்டுக்காரனுக்குச் சொந்தம். அதுதான் ஊரு வழக்கம். அன்னைக்கு இந்த மண்ணுல விழுந்த தடம் இருந்துச்சு."

"இப்பவும்தான் மழை பெஞ்சுச்சேய்யா!"

ராக்கப்பன் வாசலோரம் கையைக் காட்டினார்.

"ஒந் தண்ணி பானையிலதானே விழுகுது தாயி."