அந்தரத்தில் ஒரு கை

"கையை வெட்டிவிடட்டுமா?" என்று கேட்டேன்.

பின்னால் நின்ற பழனிமுத்து திடுக்கிட்டுப் போனார். கம்ப்யூட்டர் திரையில் நின்றது அவருடைய மனைவி அழகம்மா.

குவைத்தில் ஏதோ ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம். தலையை மூடிக்கொண்டு நேராகத்தான் நிற்கிறாள். வலது கை மட்டும் உடம்பை விட்டு விலகி, இடுப்பளவில், உள்ளங்கை நிலத்தைப் பார்த்தபடி அந்தரத்தில் நிற்கிறது. கையை ஒழுங்காக வைக்கச் சொல்லத் தெரியாதவனெல்லாம் கமராவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறான்.

மாத்தளையில் நுஹ்மான் நானாவின் ஸ்டூடியோவில் படங்களை ஒட்டிச் சேர்ப்பது நான்தான். கட்டாரிலிருக்கிற மாப்பிள்ளையையும் இங்கிருக்கிற பெண்ணையும் ஒரே சோபாவில் உட்கார வைத்திருக்கிறேன். ஒட்டின இடம் எதுவென்று ஒருவராலும் காட்ட முடியாது. அந்த விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் உண்டு. றமீஸாவின் வேலையில் பிழை என்று யாராவது சொன்னால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

பழனிமுத்துவும் மகள் யோகேஸ்வரியும் ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்கள். வழிச் சோதனையில் ஆமிக்காரன் கவரைப் பிரித்து அழகம்மாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் படத்தின் மூலை மடிந்திருந்தது. முதலில் அந்த மடிப்பை எடுத்தேன்.

அப்பாவையும் மகளையும் நீலத் துணிக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தாயிற்று. இனி மூன்று பேரையும் சேர்த்து, பின்னால் முத்துமாரியம்மன் தேரை வைக்க வேண்டும். தோட்டத்திலிருந்து குவைத்துக்குப் போகிற ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பப் போகிறார்களாம்.

"இந்த வருஷம் வந்துருவான்னு இருந்தோம் தங்கச்சி. அந்த வீட்டு மேடம் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்லிட்டாங்களாம். புள்ள நல்லாத்தான இருக்கா, அவ படிப்புக்குச் சேத்துட்டு வாரேன்னு இவ அம்மாவும் சரின்னுட்டா."

யோகேஸ்வரி கேட்டுக்கொண்டுதான் நின்றாள். படத்துக்காக அப்பா அன்று காலையில் வாங்கிக் காலில் மாட்டிவிட்ட கறுப்புச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கைய வெட்டாதீங்க," என்றார் பழனிமுத்து. "அவ போறப்ப புள்ள இம்புட்டுத்தான் இருந்துச்சு."

சொல்லிக்கொண்டே தன் கையை நீட்டிக் காட்டினார். இடுப்பளவில், உள்ளங்கை நிலத்தைப் பார்த்தபடி. திரையிலிருந்த அதே கை.

அவள் பக்கத்தில் இல்லாத மகளின் தலையில் கை வைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். அதைப் போய் வெட்டப் பார்த்தேனே என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

பழனிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மகளை எடுத்து அந்தக் கைக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். கை அவளுடைய நெஞ்சில் இடித்தது. மூலையைப் பிடித்து இழுத்து ஆளைச் சின்னதாக்கினேன். பொம்மை மாதிரி ஆகிவிட்டாள். கையைத் தோளோடு பெயர்த்து மேலே தூக்கலாம்தான். அதற்கு மனம் வரவில்லை.

"நான் முட்டி போடுறேன் அக்கா. மறுபடி எடுங்க," என்றாள் யோகேஸ்வரி.

நீலத் துணிக்கு முன்னால் போய் முழங்காலில் நின்றாள். இந்த முறை கச்சிதமாகப் பொருந்தியது. அம்மாவின் கை மகளின் தலையில் வந்து உட்கார்ந்தது.

"கீழ தெரியாம வெட்டிருங்க. கவுன் வரைக்கும் போதும்."

முட்டி போட்டது தெரிந்தால் வெட்கமாக்கும் என்று நினைத்தேன். கவுன் விளிம்போடு மூன்று பேரையும் வெட்டினேன். நின்றுகொண்டிருக்கிற பிள்ளை மாதிரியே இருந்தாள்.

திரும்பி வந்த பழனிமுத்து பிரிண்டைக் கையில் வாங்கி, கம்ப்யூட்டரில் என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று அதிசயப்பட்டார். படத்தில் சப்பாத்து விழவில்லையே என்றுதான் கொஞ்சம் முகம் வாடியது.

மாசித் தேருக்கு முந்திய கிழமை, ஒரு பெண் ஸ்டூடியோக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து அந்தப் படத்தை என் மேசையில் போட்டாள்.

அழகம்மா.

"எம்புள்ள ஏன் வளரவே இல்லன்னு அழுது அழுது, மேடம் கால்ல விழுந்து ஓடியாந்திருக்கேன். கம்பியூட்டர்ல செஞ்சதுன்னு இவரு போன்ல சொன்னாரு, நான் நம்பல. வந்து பாத்தா இவ என் தோள் ஒசரம் நிக்கிறா! இப்படியா குட்டையாக்கி அனுப்புவீங்க?"

கூட வந்த யோகேஸ்வரியை இழுத்து அணைத்துக்கொண்டாள். வாசலில் பழனிமுத்து சிரிப்பை அடக்க முடியாமல் நின்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெட்டாத படம் என்னிடம் இருக்கிறது. அதைத் திறந்து காட்டினால் என் வேலையில் பிழையில்லை என்று தெரிந்துவிடும். தேடித் திறந்தேன். முழங்காலில் நிற்கிற யோகேஸ்வரி. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற புதுச் சப்பாத்து இரண்டும்.

திரையைத் திருப்பப் போனபோது நிமிர்ந்து பார்த்தேன். அம்மா பிடித்த பிடியை விடாமல் மகளைத் தோளோடு அணைத்து வைத்திருந்தாள். அந்த அணைப்புக்குள் இருந்து யோகேஸ்வரி என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினாள்.

அன்றைக்கு அவள் கீழே வெட்டச் சொன்னது வெட்கத்தினால் இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

படத்தை மூடினேன்.

"ஓம் அக்கா, பிழை என்னுடையதுதான்," என்றேன்.

அன்றைக்குச் சோறு நன்றாகவே இறங்கியது.