பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை

இணைய நிறுவன அதிகாரி யாட்ராங்கா, வுகோட்டா நீட்டிய அனுமதித் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றுமில்லை. அதற்கே எதிரே உட்கார்ந்திருந்த வுகோட்டா நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

நிக்ஷிச் நகரில் மற்ற இணைய நிறுவனங்கள் எல்லாம் கையை விரித்துவிட்டன. மிச்சம் இது ஒன்றுதான்.

வுகோட்டா கேட்பது பெரிய விஷயமே இல்லை. உலகெங்கும் பொழுதுபோக்காக வானொலியில் பேசும் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கென்று ஒதுக்கிய இணைய முகவரிகளில் ஒரு துண்டு அவருடைய சங்கத்துக்குக் கிடைத்திருந்தது. அந்த முகவரிகள் இங்கே இருப்பதாக இந்த நிறுவனம் வெளியுலகுக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தால், மலைமேல் இருக்கும் அவர்கள் வானொலிக் கோபுரம் தீயணைப்பு நிலையத்தோடு பேசும். இல்லாவிட்டால் ஊமை.

போன ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம் காடு பற்றியபோது கைபேசிகள் செத்துவிட்டன. தகவல் சொல்ல ஒருவன் ஓடி வந்து சேர்வதற்குள் வீடுகள் சாம்பல். இதோ, மறுபடி கோடை.

"திருட்டு முகவரியோட வந்து நிக்கிறவங்கதான் சார் இப்ப ஜாஸ்தி" என்றாள் யாட்ராங்கா.

வுகோட்டாவுக்கு வேர்த்தது. காப்பியைத் தொடாத ஆளை இந்த ஊரில் யாரும் நம்பமாட்டார்கள் என்பது நினைவுக்கு வர, அவள் வைத்திருந்த காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு வெந்தது.

அவள் விரல் தாளின் அடியில் நின்றது. இந்த முகவரிகளுக்கு நாட்டின் பொறுப்பாளர் அனுமதித்திருக்கிறார். ஆனால் பெயர் இல்லை, வானொலிக்காரர்கள் பெயருக்குப் பதில் சொல்லும் எழுத்தும் எண்ணுமான அழைப்புக்குறி மட்டும்.

"எங்க ஆளுங்க வழக்கம் மேடம் அது."

"இருக்கட்டும். அவர்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

"இப்பவேவா?"

தாளை நம்பாமல், அந்த முகவரிகளின் உலகப் பதிவேட்டில் பொறுப்பாளரின் எண்ணைத் தேடி எடுத்து அழைத்தாள்.

வுகோட்டாவின் சட்டைப் பை அலறியது.

நாடு முழுக்கத் தேடினாலும் ஒரு பந்திக்குத் தேறாத கூட்டம் அவர்களுடையது. பழைய பொறுப்பாளர் பனிக்காலத்தில் காலமானார். வேறு யாரும் முன்வராததால் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. விண்ணப்பித்ததும் இவர்தான், அனுமதித்ததும் இவர்தான். விதி தடுக்கவில்லை. ஆனால் சொன்னால் யார் நம்புவார்கள்?

யாட்ராங்கா அழைப்பைத் துண்டிக்கவில்லை. அவரையே பார்த்தபடி காதில் வைத்திருந்தாள். அவர் தன் கைபேசியை எடுத்துக் காதில் வைத்தார்.

"வணக்கம் சார். இங்க வுகோட்டான்னு ஒருத்தர் வந்திருக்காரு. ஆளை நம்பலாமா?"

வுகோட்டா நிஜமாகவே யோசித்தார்.

"ரொம்பப் பயந்த ஆளும்மா. ஆனா திருட மாட்டாரு."

மேசைக்கு அந்தப் பக்கம் அவள் ஒரு கையால் கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"சரி, அவர்கிட்ட சொல்லிடுங்க சார். அவங்க முகவரிய வெளியுலகுக்குத் திறந்து விட்டாச்சுன்னு."