நட்டுக்கு நாலு போடு

மாமனாரைக் கொல்வதற்கு மாப்பிள்ளை சனிக்கிழமை மதியத்தைத் தேர்ந்தெடுத்தார். சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் மூன்று மணி வரை இடி விழுந்தாலும் மாமனார் எழுந்திருக்க மாட்டார்.

காரணம், கார்தான். அறுபது வருஷத்துப் பழைய கார். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து எட்டு வருஷமாகியும் அதன் ஸ்டீயரிங்கைத் தொட மாமனார் விட்டதில்லை. "ஒரே ஒரு ரவுண்டு, மாமா" என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"என் உயிர் போனப்புறம் ஓட்டிக்குங்க" என்று போன வாரம் சொல்லிவிட்டார் மாமனார்.

சரி, அப்படியே ஆகட்டும் என்று மாப்பிள்ளை முடிவு கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம், நன்றாக ஓட்டுகிறவருக்குக் கோப்பையும் உண்டு. மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை பன்னிரண்டு வளைவுகள். ஒரு சக்கரம் கழன்றால் போதும், வேலை முடிந்தது.

கழற்றுவதும் சுலபம். இந்தக் காரின் சக்கரத்துக்கு நாலைந்து போல்ட்டெல்லாம் கிடையாது. நடுவில் இரண்டு காது வைத்த ஒரே ஒரு பெரிய நட்டு. ஸ்பானர் வேண்டாம். ஈயச் சுத்தியலால் காதில் நாலு போடு போட்டால் கழன்றுவிடும். ஈயம் மெத்தென்று இருப்பதால் நட்டில் தழும்பு விழாது, போலீஸுக்குத் துப்பும் கிடைக்காது.

மாப்பிள்ளை வைத்திருப்பது மூக்குக்கண்ணாடிக் கடை. தினமும் கடுகளவு ஸ்குரு நூறு கழற்றுகிறவர். இடப்பக்கம் திருப்பினால் கழலும், வலப்பக்கம் திருப்பினால் இறுகும். இதில் அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டிரைவர் பக்கம், அதாவது வலது முன் சக்கரத்தின் எதிரே குந்தி, நட்டு இடப்பக்கமாகத் திரும்பும்படி அடித்தார். முதலில் விறுவிறுவென்று சுழன்றது. பிறகு நகர மறுத்தது. இன்னும் பத்து போடு போட்டார். அசையவில்லை. இனிமேல் கழல ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

அட அசடே! இந்த ரகக் காரில் இடப்பக்கச் சக்கரத்து நட்டு ஒரு திசையில் கழலும், வலப்பக்கத்து நட்டு அதற்கு நேர் எதிர்த் திசையில் கழலும். ஓட்டத்தில் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று செய்து வைத்த ஏற்பாடு. மாமனாருக்குக் குழி தோண்டுவதாக நினைத்துக்கொண்டு, மனிதர் நட்டைப் பாறையாக இறுக்கி வைத்துவிட்டார்.

ஞாயிறு காலை வாசலில் ஒரே கூட்டம். சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் மாமனார் வரச் சொல்லியிருந்தார். காரின் பானட்டைத் தடவித் தடவிக் கண் கலங்கினார். பிறகு சாவியை நீட்டினார்.

"மாப்பிள்ளை, இன்னிக்கு நீங்களே ஓட்டுங்க."

மாப்பிள்ளை இரண்டடி பின்வாங்கினார். "நானா? வேணாம் மாமா. உங்க கை பட்டாத்தான் அது கேக்கும்."

"எட்டு வருஷமா இதுக்குத்தானே என் உயிரை வாங்கினீங்க?"

"என்னங்க, அப்பாவே மனசு மாறிக் குடுக்கறாரு. ஏன் இப்படி முழிக்கறீங்க?" என்றாள் மனைவி.

சக்கரம் லூஸ் என்று சொல்லிவிடலாம். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்? திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

மலைப்பாதை முழுக்க அழுதுகொண்டே ஓட்டினார். சைக்கிள்காரர்கள் மணியடித்து முந்திப் போனார்கள். பக்கத்தில் நடந்து வந்த ஒருவர் ஜன்னலில் குனிந்து, "தள்ளி விடணுமா, சார்?" என்று கேட்டார். ஒவ்வொரு வளைவிலும் மாப்பிள்ளை தலையை வெளியே நீட்டி, "போயிடாதே, என் கண்ணு" என்று சக்கரத்திடம் கெஞ்சினார். அடிவாரம் வந்து சேர்ந்தபோது நடுவர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பழைய காரை இவ்வளவு மரியாதையாக ஓட்டி யாரும் பார்த்ததில்லை என்று சொல்லி, மிச்சமிருந்த கோப்பையை அவர் கையில் திணித்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நேராக மாமனார் காலில் விழுந்தார்.

"இனிமே ஸ்டீயரிங் பக்கமே வர மாட்டேன் மாமா. என்னை மன்னிச்சிடுங்க!"

எதற்கு மன்னிப்பு என்று மாமனார் கேட்கவில்லை. பேயறைந்த மாதிரி மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். விடுவிடுவென்று காரிடம் போய் வலது முன் சக்கரத்தின் எதிரே குந்தினார். நட்டின் காது இரண்டையும் பிடித்துத் தன் பலத்தையெல்லாம் கூட்டி ஆட்டிப் பார்த்தார்.

"நேத்து காலையில நானே என் கையால தளர்த்தி வெச்சேனே, எந்தப் பாவி இதை இறுக்கினது?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.