செட்டியார் பொம்மை சுற்றிய சுற்று

அந்த வருஷக் கொலுவில் வேதா ஒரு புதுமை செய்தாள். மளிகைக்கடைச் செட்டியார் பொம்மையைச் சுற்றும் மேடையில் உட்கார வைத்தாள். மேடைக்கு அடியில் ஒரு சின்ன மோட்டார். வேகத்தைக் கூட்டிக் குறைக்க எந்தக் குமிழைப் பொருத்துவது என்று யோசித்து, இரண்டை எடுத்து வைத்தாள்.

"ஒரே திருகு, உச்ச வேகம்! என்னைப் போல வருமா செட்டியாரே?" என்றது முதல் குமிழ்.

"நான் பத்துச் சுற்று சுற்றினால்தான் அந்த வேகம் வரும்" என்றது மற்றது.

"அதுக்குள்ள நவராத்திரியே முடிஞ்சிடும். முதல் ஆளே போதும்" என்றார் செட்டியார்.

அவர் நினைத்தபடியே வேதாவும் முதல் குமிழைப் பொருத்தினாள். தொட்டுத்தான் பார்த்தாள். மேடை சுழன்ற சுழற்சியில் செட்டியார் முன்னால் பரப்பியிருந்த துவரம்பருப்பும் மிளகும் படியெங்கும் சிதற, செட்டியார் பறந்துபோய்க் கீழ்ப்படிப் பிள்ளையார் மடியில் விழுந்தார். நல்லவேளை, செட்டியார் தொப்பையில் ஒரு கீறலோடு போயிற்று.

"ஐயோ சாமி, அந்தப் பத்துச் சுற்றுக்காரனையே போடச் சொல்லுங்க!"

வேதா செட்டியாரை மறுபடி மேடையில் ஏற்றி, குமிழை மாற்றினாள். பார்த்துப் பார்த்துத் திருகினாள். மேடை தேர் மாதிரி அசைந்து நகர்ந்தது. செட்டியாருக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது பார்த்து ஒரு கூட்டம் உள்ளே நுழைந்தது. எல்லாரும் போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். செட்டியார் அந்த நேரம்தான் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தார். மேடை மெல்ல மெல்ல நகர்ந்தது. அவர் முகம் திரும்புவதற்குள் சுண்டல் தீர்ந்து, கூட்டமும் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டது.

சுவரைப் பார்த்தபடியே செட்டியார் கத்தினார்: "அடேய், அந்த அவசரக்காரனை ஒரு நிமிஷம் கூப்பிடுங்கடா!"