மரியாதைத் தலைக்கவசம்

கல்யாண மண்டபத்தின் பின்புறம் நானூறு பேருக்காக வெந்துகொண்டிருந்த பிரியாணியின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கச் சொன்னவன் நான்தான். தீயணைப்பு நிலைய அலுவலர், பதினெட்டு வருட அனுபவசாலி.

"சார், அது அடுப்புப் புகை" என்று என் அணியில் மூத்தவரான ஜெசிந்தா மூன்று முறை சொன்னாராம். என் தலைக்கவசத்துக்குள் எனக்குக் கேட்டதோ, "தங்கள் முடிவு மிகச் சரி, ஐயா." கீழே இருப்பவர்களின் பேச்சை மரியாதையாக்கி மேலே அனுப்புவதுதான் அந்தக் கவசத்தின் வேலை. எங்கள் துறையின் விழுமியப் பட்டியலில் மரியாதை முதலாவது, உண்மை நான்காவது. கவசம் வந்த மூன்று மாதமாக நான் ஒரு தவறுகூடச் செய்யவில்லை என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, பழைய கட்டடம் ஒன்றில் நிஜமான தீ. இரண்டாம் மாடி சன்னலில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். உள்ளே மரப்படி கருகிக்கொண்டிருந்தது.

"படி வழியா நானே மேல போறேன்" என்றேன்.

"தங்கள் வீரமே எங்களுக்கு வழிகாட்டி, ஐயா" என்றது கவசம்.

அதைக் கழற்றி வண்டிக்குள் போட்டுவிட்டு ஜெசிந்தாவின் முன்னால் போய் நின்றேன். "இப்ப நேரா சொல்லும்மா. நான் ஏறலாமா?"

"ஏறாதீங்க சார். உங்க எடைக்கு ரெண்டாவது படியே தாங்காது, அப்புறம் உங்களையும் நாங்கதான் தூக்கணும். வெளிய ஏணியப் போட்டு இறுக்கிப் புடிங்க. ரெண்டு பேரையும் நான் எறக்கிடறேன்."